லண்டனில் ஒரு கைப்பிடி

அந்தப் பெஞ்சு ஆடும் அண்ணாச்சி, இப்படி வந்து உட்காருங்க. செவுத்துல சாஞ்சுக்கிடலாம். டோக்கன் என்ன, முப்பத்தொண்ணா? அப்ப உங்களுக்கு மத்தியானம் ஆயிரும். நான் பத்தொம்பது. இப்பதான் எட்டு ஓடுது. இந்தக் கரண்ட் ஆபீஸ்ல டோக்கன்னு சும்மா பேருக்குத்தான் குடுக்குறது. கவுன்டர்ல இருக்காங்கள்ல, அந்த மேடம் நம்பரைச் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க, யாரு பேருக்கு மாத்தணும்னு மனுவுல இருக்கோ அந்தப் பேரைத்தான் வாசிப்பாங்க. நல்லவங்கதான். ஒவ்வொரு தாளையும் ரெண்டு தடவை திருப்பிப் பார்ப்பாங்க, அவ்வளவுதான்.

உங்களுக்கும் பேரு மாத்தம்தானே? கையில வாரிசு சான்றிதழைப் பார்த்ததுமே நினைச்சேன். யாரு பேர்ல இருக்கு கரண்டு? அப்பா பேர்லயா. அவுக தவறி எத்தனை வருசம்? பதிமூணு. பதிமூணு வருசமா அவுக பேர்லயே கட்டிட்டு வந்துட்டு இப்ப என்ன அவசரம்? பையனுக்கு லோனா. சரி சரி. நான் ஒண்ணும் சொல்லலை. அவங்கவங்க தேவை அவங்கவங்களுக்கு.

நான் திருப்பி மாத்த வந்திருக்கேன். என் பேர்ல இருக்கிறதை எங்கப்பா பேருக்கு. எங்கப்பா செத்து இருபது வருசமாச்சு. சிரிக்காதீங்க அண்ணாச்சி. இது அஞ்சாவது மனு. செத்தவங்க பேருக்கு இணைப்பு மாத்த முடியாதுன்னு அந்த மேடம் நாலு தடவையும் பொறுமையாத்தான் சொன்னாங்க. எனக்கும் தெரியும். நானும் படிச்சவன்தான்.

நேரம் கிடக்குல்ல, சொல்றேன். கேட்டுட்டு நியாயத்தைச் சொல்லுங்க. எங்கக்கா என்கிட்டப் பேசி பதினாலு மாசமாகுது. எங்கம்மா செத்ததுக்கு நான்தான் காரணம்னு அது நினைச்சிட்டிருக்கு. வாயால சொல்லலை. சொல்லியிருந்தா நானும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லி சண்டை போட்டிருப்பேன், ரெண்டு மாசத்துல சரியாகியிருக்கும். அது சொல்லவே இல்லை.

என் பேரு தங்கமாரியப்பன். எனக்கு லண்டன்ல கம்பெனி இருக்கு.

பார்த்தீங்களா, நீங்களும் என் செருப்பைத்தான் பார்க்கிறீங்க. சொன்னா எல்லாரும் அப்படித்தான் பார்க்கிறாங்க. பொண்ணு குடுக்க வந்தவங்களும் அப்படித்தான் பார்த்துட்டுப் போனாங்க, அதான் நாப்பத்திரண்டு வயசுல தனிக்கட்டையா உட்கார்ந்திருக்கேன். நான் லண்டன் போனதில்லை. மதுரை ஏர்போர்ட்டுக்குள்ளயே போனதில்லை. போகாமலே வைக்கலாம் அண்ணாச்சி, அதுக்கெல்லாம் வழி இருக்கு.

என் தொழிலைச் சொல்றேன். வெள்ளைக்காரன் ஒரு சாமான் வாங்கணும்னா முதல்ல நெட்டுல தேடுவான், எது நல்லது எது மட்டம்னு. அப்படித் தேடுறவன் கண்ணுல படுற மாதிரி நான் எழுதி வச்சிருப்பேன். எழுத்துக்குக் கீழ ஒரு லிங்க் இருக்கும். அதைத் தொட்டு அவன் வாங்கினா எனக்குக் கமிஷன். அஃபிலியேட் மார்க்கெட்டிங்னு சொல்லுவாங்க. தரகர்னு வச்சுக்கோங்களேன். வாங்குறவனும் என்னைப் பார்த்ததில்லை, விக்கிறவனும் என்னைப் பார்த்ததில்லை, நான் சாமானைப் பார்த்ததில்லை.

என்ன சாமான்னு கேட்டா சிரிப்பீங்க. வயசானவங்களுக்கு பாத்ரூம்ல வைக்கிறது. வழுக்காத பாய், உட்கார்ந்து குளிக்க நாற்காலி, செவுத்துல பிடிச்சுக்கிட்டு எந்திரிக்க கைப்பிடி. கைப்பிடியிலேயே இருபத்தேழு வகை எழுதியிருக்கேன். எந்த உசரத்துல வைக்கணும், எந்தச் செவுறு தாங்கும், எத்தனை கிலோ இழுத்தா வராது, எல்லாம் எனக்கு மனப்பாடம். நம்ம ஊர் கொத்தனாருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

அருப்புக்கோட்டையில உட்கார்ந்து தங்கமாரியப்பன் எழுதுறான்னா எவன் நம்புவான்? அதனால மார்ட்டின்னு பேரு வச்சுக்கிட்டேன். மார்ட்டின் அங்க ஒரு ஊர்ல அவங்கம்மாவோட இருக்கான். கல்யாணம் ஆகலை. அம்மா பேரு டோரத்தி, வயசு எழுபத்தொண்ணு. ரெண்டு முழங்கால்லயும் வலி. மழைநாள்ல கூடுதலா வலிக்கும். ஈரத்துணியோட நடக்கக்கூடாதுன்னா கேட்க மாட்டாங்க. யாரையும் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு நினைக்கிற ஆளு. எழுபத்தொண்ணு எங்கம்மா வயசு. முழங்காலும் எங்கம்மா முழங்கால்தான். எனக்கு வேற யாரைத் தெரியும்? டோரத்திக்காக மார்ட்டின் ஒவ்வொரு சாமானா வாங்கி மாட்டிப் பார்த்து எழுதுறான். படிக்கிறவங்களுக்கு அவன்மேல ஒரு பிரியம். ஐரீன்னு ஒரு கிழவி, அவங்க மட்டும் வாரம் தவறாம கீழ எழுதுவாங்க, உன்னை மாதிரி ஒரு பிள்ளை எனக்கு இல்லையே மார்ட்டின்னு.

எங்கம்மா பேரு குருவம்மாள். என்னய்யா எழுதுறேன்னு பின்னாடி வந்து நிக்கும். உன்னைப் பத்தித்தாம்மா எழுதுறேன்னு சொல்லுவேன். போடான்னுட்டுப் போயிரும். ஆனா சந்தோசப்படும். பக்கத்து வீட்ல சொல்லி வச்சிருந்துச்சு, எம்பிள்ளை என்னைப் பத்தி இங்கிலீசுல எழுதுறான்னு.

இதுல கம்பெனி எங்க வந்துச்சுன்னா, கைப்பிடி செய்யுற ஒரு பெரிய நிறுவனம், அவங்க கமிஷன் ரொம்ப நல்லா இருக்கும், அவங்க இந்தியாக்காரன் விண்ணப்பத்தைத் தொடவே மாட்டாங்க. அங்க பதிவான கம்பெனியா இருந்தா உள்ள விடுவாங்க. சரின்னு ஒரு ஏஜெண்டைப் பிடிச்சேன், அதுவும் நெட்டுலதான். இங்க பொட்டிக்கடை வைக்கணும்னா நாலு ஆபீஸ் ஏறி இறங்கணும் அண்ணாச்சி. அங்க ஒரு மத்தியானத்துல முடிஞ்சிருது. விலாசம் கூட வாடகைக்குத் தர்றாங்க. லண்டன்ல ஏதோ ஒரு தெருவுல ஒரு மாடி, அதே மாடியில எத்தனை ஆயிரம் கம்பெனி இருக்கோ எனக்குத் தெரியாது.

ஆடி நடக்குது, எதையும் ஆரம்பிக்காதேன்னு அம்மா சொல்லுச்சு. லண்டன்ல ஏதும்மா ஆடின்னேன். நீ இங்கதானே இருக்கேன்னு சொல்லுச்சு. அந்த ஒண்ணை நான் கேட்டேன் பாருங்க. ஆவணி பொறக்கட்டும்னு ஒரு மாசம் காத்திருந்துதான் பதிவு பண்ணினேன். பேரு குரு ஹோம்கேர் லிமிடெட். அம்மா பேர்ல பாதி. சான்றிதழை பிரிண்ட் எடுத்துக் குடுத்தேன். அம்மா அதுக்குச் சந்தனம் வச்சு குங்குமம் வச்சு சாமி படத்துக்குப் பக்கத்துல சாத்தி வச்சுச்சு. இன்னும் அங்கதான் இருக்கு.

கம்பெனி வந்துருச்சு. பேங்க் கணக்கு வேணும்ல. அங்கதான் சிக்கல். நீ எந்த வீட்ல இருக்கேன்னு காட்ட உன் பேர்ல ஒரு பில் அனுப்புன்னு கேட்டாங்க. கரண்ட் பில்லோ தண்ணி பில்லோ ஏதாவது ஒண்ணு. வீட்டைத் தலைகீழாப் புரட்டினேன் அண்ணாச்சி. கரண்ட் அப்பா பேர்ல. வீட்டுத் தீர்வை அப்பா பேர்ல. கேஸ் அம்மா பேர்ல. ரேஷன் கார்டுல தலைவி அம்மா. பாஸ்போர்ட் ஆளு யாருன்னு காட்டத்தான், வீட்டுக்கு ஆகாதுன்னுட்டாங்க. ஆதாரை அனுப்பினேன், அது வேண்டாம்னுட்டாங்க. பாஸ்புக்கை அனுப்பினேன், அச்சு சரியில்லைன்னுட்டாங்க. பொறந்ததுலேருந்து ஒரே வீட்ல இருக்கேன், நான் அங்கதான் இருக்கேன்னு சொல்ல ஒரு துண்டுத்தாள் கிடையாது. அந்த வெள்ளைக்காரனுக்கு இது புரியவே இல்லை. நாப்பது வயசு ஆம்பளை, உன் பேர்ல ஒரு விளக்குகூட எரியலையான்னு நினைச்சிருப்பான். நம்ம பக்கம் யாரு மாத்துறா? அப்பா போனாலும் அப்பா பேரு ஓடிக்கிட்டிருக்கும். உங்க வீட்லயும் அப்படித்தானே.

கரண்டை என் பேருக்கு மாத்திரலாம்மான்னு சொன்னேன். அம்மா அரிசி பொடைச்சிட்டு இருந்துச்சு, அதையே பொடைச்சிட்டு இருந்துச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு, வேற எதையாச்சும் மாத்தக்கூடாதாய்யான்னு கேட்டுச்சு. தீர்வையை மாத்திக்கோ, வீட்டையே வேணும்னாலும் எழுதித் தாரேன், கரண்டு இருக்கட்டும்னு சொல்லுச்சு. எனக்கு அப்பப் புரியலை. வீட்டைத் தாரேன்னு சொல்ற ஆளு கரண்ட் பில்லுக்கு ஏன் யோசிக்குதுன்னு.

விசயம் என்னன்னா, எங்கம்மா எங்கப்பா பேரை வாயால சொன்னதே கிடையாது. அந்தக் காலத்து வழக்கம். ஆஸ்பத்திரியில, பேங்க்ல புருசன் பேரு கேட்டா என்னைக் கையைக் காட்டும், நீ சொல்லுய்யான்னு. அப்பா போனபிறகு வீட்ல அந்தப் பேரை யாரு சொல்றா? நான் அப்பான்னுதான் சொல்லுவேன், அக்கா அப்பான்னுதான் சொல்லும். ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை ரீடிங் எடுக்க வர்ற ஆளு வாசல்ல நின்னு சத்தம் குடுப்பாரு பாருங்க, சோலையப்பன், சோலையப்பன் வீடுன்னு. அப்பதான் அந்தப் பேரு வீட்டுக்குள்ள கேட்கும். அம்மா அடுப்படியில இருந்து, இந்தா வாரேன்னு பதில் குடுத்துட்டு, முந்தானையில கையைத் துடைச்சிக்கிட்டு வாசலுக்கு வரும். முழங்கால் வலியிலயும் அதுதான் வரும். என்னை விடாது. அந்த ஆளுக்கு மோர் குடுத்து அனுப்பும்.

இதெல்லாம் நான் பின்னாடி யோசிச்சுக் கண்டுபிடிச்சது. அன்னைக்கு அம்மா இதை விளக்கிச் சொல்லலை. சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேன். கேட்டிருப்பேன்னுதான் நினைக்கிறேன்.

மாத்துறதுக்கு அக்கா கையெழுத்து வேணும், ஆட்சேபணை இல்லைன்னு. எங்கக்கா ஜெயக்கனி, ராஜபாளையத்துல டீச்சர். நான் தாளைக் கொண்டு போனேன். அது படிச்சுப் பார்த்துட்டு, நான் எதுக்குடா ஆட்சேபிக்கப் போறேன், எனக்கு இந்தக் கரண்டும் வேண்டாம் வீடும் வேண்டாம்னு சொல்லுச்சு. ஆனா ஒண்ணு, அம்மாவுக்கு பாத்ரூம்ல ஒரு கைப்பிடி வச்சுக் குடு, போன தடவை வந்தப்ப பார்த்தேன், வாளியைப் பிடிச்சுக்கிட்டு எந்திரிக்குது, வாளி சாயுதுன்னு சொல்லுச்சு. வைக்கிறேன்க்கான்னேன். எப்ப வைப்பேன்னு கேட்டுச்சு. இந்த மாசமேன்னேன். அப்புறம்தான் பேனாவைத் திறந்துச்சு.

நான் மறக்கலை அண்ணாச்சி. இதை நல்லாக் கேட்டுக்கோங்க, எல்லாரும் நான் மறந்துட்டேன்னு நினைக்கிறாங்க. இங்க பஜார்ல கம்பிக்கடையில தொங்குது, எனக்குத் தெரியாதா? ஒரு திருப்பு திருப்பிப் பார்த்தா தெரியும், அது பூச்சு, ஆறு மாசத்துல துரு ஏறிரும். ஸ்க்ரூ சின்னது. இருபத்தேழு கைப்பிடி பத்தி எழுதினவன், கண்டதை வாங்கிப் பெத்த தாய்க்கு மாட்ட மனசு வருமா? அந்தச் சமயத்துல அந்தப் பெரிய நிறுவனத்துக்காரங்க மார்ட்டினுக்கு ஒரு மெயில் அனுப்பினாங்க. உங்க அம்மா டோரத்திக்கு எங்க அன்பளிப்பா ஒரு கைப்பிடி அனுப்புறோம், மாட்டிப் பார்த்துட்டு எழுதுங்கன்னு. அவங்க சரக்குலயே உசத்தியானது. நூத்தைம்பது கிலோ தாங்கும். பிடிக்கிற இடத்துல ரப்பர் பதிச்சிருக்கும், ஈரக்கையா இருந்தாலும் வழுக்காது. இதுதான் அம்மாவுக்குன்னு முடிவு பண்ணிட்டேன்.

கம்பெனி விலாசத்துக்கு அனுப்பிட்டாங்க. வேற எங்க அனுப்புவாங்க, மார்ட்டின் அங்கதானே இருக்கான். வாடகை விலாசக்காரங்க, உங்களுக்கு ஒரு பார்சல் வந்திருக்கு, இந்தியாவுக்கு அனுப்ப இவ்வளவு ஆகும்னு எழுதினாங்க. கைப்பிடி விலையை விட மூணு மடங்கு. கணக்குத் திறந்ததும் அதுலேருந்தே கட்டிக்கலாம், அதுவரைக்கும் இருக்கட்டும்னு சொன்னேன். அறுபது நாள் வச்சிருப்போம்னாங்க. அறுபது நாள் ரொம்ப அதிகம்னு நினைச்சேன். அதுக்கிடையில மார்ட்டின் அதை மாட்டிட்டதா எழுதிட்டேன். டோரத்தி முதல் நாள் அதைப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சு நின்னு அழுதுட்டாங்கன்னு எழுதினேன். ஐரீன் கிழவியும் அழுதாங்களாம். நிறைய பேரு வாங்கினாங்க அதை.

ஐப்பசியில கரண்ட் என் பேருக்கு மாறிருச்சு. கார்த்திகை பொறந்ததும் ரீடிங் எடுக்குறவர் வந்தாரு. அவரு போனைப் பார்த்துத்தானே வாசிப்பாரு, தங்கமாரியப்பன் வீடுன்னு சத்தம் குடுத்தாரு. அம்மா அடுப்படியிலதான் இருந்துச்சு. வரலை. ரெண்டாந்தடவை கூப்பிட்டாரு, வரலை. மூணாந்தடவைக்கு நான் எந்திரிச்சுப் போனேன். என்னம்மா காது கேட்கலையான்னு கேட்டேன். உன்னைத்தானேய்யா கூப்பிட்டாகன்னு சொல்லுச்சு. அன்னைக்கு மோரும் இல்லை.

பில் என் பேர்ல வந்துச்சு. அனுப்பினேன். உடனே ஏத்துக்கிட்டாங்க. இனி ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி, அந்த பேங்க் ஆளு வீடியோவுல கூப்பிட்டு என்னைப் பார்க்கணும். நான் நான்தானான்னு. அதுக்கு எத்தனை விதி தெரியுமா? அறையில நான் மட்டும்தான் இருக்கணும். வேற குரல் கேட்கக்கூடாது. பாதியில எந்திரிக்கக்கூடாது. எந்திரிச்சா முதல்லேருந்து, திரும்ப ஒரு மாசம் வரிசை. செவ்வாக்கிழமை மத்தியானம் மூணு மணி குடுத்தாங்க. அம்மா காலண்டரைப் பார்த்துட்டு, செவ்வா மூணு ராகுகாலம்யான்னு சொல்லுச்சு. அங்க காலையில ஒன்பதரைதாம்மா, அங்க ராகுகாலம் கிடையாதுன்னு சொல்லிச் சிரிச்சேன். அம்மாவும் சிரிச்சுச்சு.

அன்னைக்கு அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வச்சுச் சொன்னேன். அம்மா, ஒரு முக்கால் மணி நேரம். மிக்ஸி போடாத. டிவி போடாத. யாரு வந்தாலும் ஜாடையில பேசி அனுப்பிரு. என்ன ஆனாலும் சரி, என்னைக் கூப்பிடாத. இதோட எல்லாம் முடிஞ்சிரும்மா, இதுக்குத்தான் மூணு மாசமாக் கிடந்து அல்லாடுறேன்னு சொன்னேன். நான் ஏன்யா கூப்பிடப் போறேன், நீ பேசுன்னு சொல்லுச்சு. ரேடியோவோட ஒயரைக் கூடப் பிடுங்கி வச்சுச்சு. காய்க்கார அம்மா வந்தப்ப வாயில விரலை வச்சு அனுப்பினதை நான் ஜன்னல் வழியாப் பார்த்தேன். அப்புறம் கதவைச் சாத்திட்டேன்.

ஒரு சின்னப் பொண்ணுதான் பேசுச்சு. மரியாதையாப் பேசுச்சு. பாஸ்போர்ட்டைக் காட்டச் சொன்னாங்க, காட்டினேன். முகத்தை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பச் சொன்னாங்க. உங்க கம்பெனி என்ன செய்யுதுன்னு கேட்டாங்க. இதுக்கு நாலு நாளாத் தயார் பண்ணி வச்சிருந்தேன். வயசானவங்க பாத்ரூம்ல விழுந்துராம இருக்க வழி சொல்றோம்னு சொன்னேன். ரொம்ப நல்ல காரியம்னு சொல்லுச்சு அந்தப் பொண்ணு.

அப்பத்தான் ஒரு சத்தம் கேட்டுச்சு. திம்முன்னு. பக்கத்து வீடுன்னு நினைச்சேன். எங்க பாத்ரூமும் அவங்க கழுவுற இடமும் ஒரே செவுறு, அண்டாவைப் போட்டு உருட்டுவாங்க எப்பவும். பக்கத்து வீடுன்னுதான் நினைச்சேன் அண்ணாச்சி. அந்தப் பொண்ணுக்கே கேட்டிருக்கு. எல்லாம் சரியா இருக்கா சார்னு கேட்டுச்சு. எல்லாம் சரியா இருக்குன்னு சொன்னேன். அதுக்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. சத்தம் வந்திருந்தா நான் எந்திரிச்சிருக்க மாட்டேனா? சொல்லுங்க. மனுசன்தானே நான். ஒரு முனகல் கேட்டிருந்தாக்கூட எந்திரிச்சிருப்பேன்.

மூணே முக்காலுக்கு முடிஞ்சுச்சு. கணக்கு திறந்தாச்சு, வாழ்த்துக்கள்னு சொல்லிட்டு வச்சாங்க. நான் துள்ளிக்கிட்டு வெளிய வந்தேன். அம்மான்னு கூப்பிட்டேன், பதில் இல்லை. அடுப்படியில இல்லை. பின்னாடி போனா பாத்ரூம் கதவு பாதி திறந்திருக்கு. அம்மா தரையில ஒருக்களிச்சுக் கிடக்கு. வாளி கவுந்து கிடக்கு. சேலையெல்லாம் தண்ணி. முந்தானையைச் சுருட்டி வாயில வச்சுக் கடிச்சிட்டு இருக்கு.

என்னைப் பார்த்ததும் அதை வாயிலேருந்து எடுத்துட்டு, முடிஞ்சிருச்சாய்யான்னு கேட்டுச்சு.

முடிஞ்சிருச்சும்மான்னேன்.

கிடைச்சிருச்சான்னு கேட்டுச்சு. கிடைச்சிருச்சும்மான்னேன். அதுக்கப்புறம்தான் அம்மா கத்துச்சு. அரை மணி நேரமா அடக்கி வச்சிருந்ததை மொத்தமாக் கத்துச்சு. தெருவே வந்துருச்சு.

இடுப்பெலும்பு. மதுரைக்குக் கொண்டு போனோம். ஆபரேசன் நல்லாத்தான் நடந்துச்சு, டாக்டர்மேல குத்தம் சொல்ல ஒண்ணுமில்லை. படுத்த படுக்கையில நெஞ்சுல சளி கட்டிருச்சு. இருபத்து மூணு நாள். மார்கழியில போயிருச்சு. ஆஸ்பத்திரியில அக்கா கேட்டுச்சு, பக்கத்து வீட்டுக்காவது கேட்கிற மாதிரி ஒரு சத்தம் குடுத்திருக்கலாமேம்மான்னு. தம்பி பேசிக்கிட்டு இருந்தான்னு அம்மா சொல்லுச்சு. அவ்வளவுதான் சொல்லுச்சு. பெருமையாத்தான் சொல்லுச்சு, குறையாச் சொல்லலை. அதை அக்கா ஏன் அப்படி எடுத்துக்கிச்சுன்னு எனக்குத் தெரியலை.

பதினாறாம் நாள் விசேசம் முடிஞ்சு எல்லாரும் போயிட்டாங்க. அக்கா பாத்ரூமைக் கழுவி விட்டுட்டு வந்துச்சு. ஈரக்கையோட என் முன்னாடி நின்னு, கைப்பிடி எங்கடான்னு கேட்டுச்சு.

லண்டன்ல இருக்குக்கான்னு சொன்னேன்.

உண்மையைத்தானே சொன்னேன். அன்னைக்கு அங்கதான் இருந்துச்சு. அக்கா பையை எடுத்துக்கிட்டு பஸ் ஏறிப் போயிருச்சு. அதோட சரி. திவசத்துக்கும் அது தனியா ராஜபாளையத்துலயே குடுத்துக்கிச்சு. அறுபது நாள் முடிஞ்சதும் விலாசக்காரங்க பார்சலைத் தூக்கிப் போட்ருப்பாங்க. நான் கேட்டுக்கிடலை.

கம்பெனியா? நல்லா ஓடுது. அதுல குறையே இல்லை. ஒண்ணே ஒண்ணுதான், டோரத்தியை என்ன செய்யுறதுன்னு தெரியலை. அம்மா செத்த அந்த வாரத்துலயே ஐரீன் எழுதியிருந்தாங்க, இந்தக் குளிர்ல அம்மா எப்படி இருக்காங்க மார்ட்டின்னு. நான் ஆஸ்பத்திரிக்குச் செட்டில் பண்ணின துண்டுச்சீட்டைக் கையில வச்சுக்கிட்டு, நல்லா இருக்காங்கன்னு எழுதினேன். எழுதின பிறகு மனசுக்கு ஒரு மாதிரி லேசா இருந்துச்சு. அதுக்கப்புறம் அப்படியே எழுதிட்டு வர்றேன். டோரத்திக்கு இப்ப எழுபத்திரண்டு முடிஞ்சிருச்சு. பாத்ரூம்ல நாலு கைப்பிடி வச்சுக் குடுத்திருக்கேன். தரை பூரா பாய். ஒரு மணி கட்டித் தொங்க விட்டிருக்கேன், அவசரம்னா இழுக்க. எப்பக் கூப்பிட்டாலும் மார்ட்டின் ஓடி வந்துருவான். இந்தா பாருங்க, இப்பக் கூட ஒண்ணு வந்திருக்கு. ஐரீன்தான். அம்மா சுகமான்னு கேட்குறாங்க. இருங்க, பதில் போட்டுர்றேன். நல்லா இருக்காங்க. இப்பத்தான் குளிச்சுட்டு வந்து வெயில்ல உட்கார்ந்திருக்காங்க.

தப்பா அண்ணாச்சி இது? நியாயத்தைச் சொல்லுங்கன்னு கேட்டேனே. அந்தத் தாளை ஏன் மடிச்சு உள்ள வைக்கிறீங்க? உங்களை மாத்த வேண்டாம்னு நான் சொல்லலை. பையனுக்கு லோன் வேணும்ல. மாத்துங்க. ரீடிங் எடுக்குறவர் உங்க வீட்டு வாசல்ல என்ன பேரு சொல்லிக் கூப்பிடுறாருன்னு மட்டும் ஒரு தடவை நின்னு கேட்டுட்டு வந்து மாத்துங்க.

பதினெட்டு முடிஞ்சிருச்சு போல. ஆமா, மேடம் என் மனுவைத்தான் எடுக்குறாங்க. மூக்குக் கண்ணாடியைப் போடுறாங்க. கேளுங்க.

"சோலையப்பன். யாருங்க சோலையப்பன்?"

இல்ல அண்ணாச்சி, நீங்க என்னைக் கையைக் காட்டாதீங்க. இன்னொரு தடவை கூப்பிடட்டும்.